ஆறு நாளாகச் சாப்பிடாத பச்சைத் தவளை

மேற்கு சிட்னியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, பள்ளி எல்லாவற்றையும் தவிர்த்துக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஒன்பது வயது மகன் ஒரு வருடமாக நச்சரித்ததன் பேரில், தன் பெயரில் உரிமம் எடுத்து, உரிமம் உள்ள வளர்ப்பாளர் ஒருவரிடம் பச்சை மரத்தவளை வாங்கியிருக்கிறார். இன்னும் முழுதாக வளராதது. மூக்கிலிருந்து பின்பக்கம் வரை நாலரை சென்டிமீட்டர். வீட்டில் 45 × 45 × 60 சென்டிமீட்டர் கண்ணாடித் தொட்டி, கம்பிவலை மூடி, தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), தரைக்கு மீன்தொட்டிக் கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் செடி, ஒரு தண்ணீர்க் கிண்ணம். தொட்டி இருப்பது கூடத்தில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில். இரவில் அறை ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

வந்த அன்று பளிச்சென்று பச்சையாக இருந்த தவளை மறுநாளே பழுப்பாகிவிட்டது. பகல் முழுக்க மூலையில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இருபது கிரிக்கெட் பூச்சிகளை உள்ளே விட்டும் ஆறு நாளாக ஒன்றைக்கூடத் தொட்டதாகத் தெரியவில்லை. தோல் காய்ந்துவிடக் கூடாதென்று நாளைக்கு நான்கு தடவை தண்ணீர் தெளிக்கிறார்கள். மாலையில் மகன் அதைக் கையில் எடுத்து நண்பர்களுக்குக் காட்டுகிறான். எடுக்கும்போதெல்லாம் கையில் மூத்திரம் பெய்துவிடுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், கிருமி அண்டாமலிருக்கக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டிருக்கிறார். பேரனுக்குத் ‘தேரை விழுந்துவிடும்’ என்ற பயம் வேறு அவருக்கு. ஐந்தாம் நாள் ராத்திரி தவளை வாயைத் திறந்து திறந்து மூடி உடம்பை முறுக்கியிருக்கிறது. வாயோரம் வெள்ளையாக ஏதோ தொங்கியிருக்கிறது. மூச்சு முட்டுகிறதென்று வீடே பதறியிருக்கிறது.

அவருடைய கேள்விகள்: இது நோயா? வாயைத் திறந்து ஊட்டலாமா? தனிமையில் ஏங்குகிறதா, துணைக்கு இன்னொன்று வாங்கலாமா? சரிப்பட்டு வராவிட்டால் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் விட்டுவிடலாமா? கடைசியாக மகனின் கேள்வி: இது ஆணா, பெண்ணா? தெரிந்தால்தான் பெயர் வைக்க முடியுமாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை மிகவும் பயமுறுத்திய அந்த ராத்திரியிலிருந்தே தொடங்குகிறேன். தவளைக்கு மூச்சு முட்டவில்லை. அது சட்டை உரித்திருக்கிறது. பாம்பு எப்போதாவது ஒருமுறை உரிக்கும். வளரும் தவளை சில நாளைக்கு ஒருமுறை உரிக்கும், உரித்ததை அங்கேயே தின்றும் விடும். முதுகைக் கூனி, விலாவை உப்பி, கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து மூடும். பின்னங்காலால் விலாவைத் தேய்க்கும். நாம் முகம் துடைப்பதுபோல் முன்னங்கைகளைத் தலைக்கு மேலிருந்து முன்னால் வழித்து, நனைந்த டிஷ்யூ போன்ற அந்தத் தோலை இரண்டு வாயோரமும் திணிக்கும். விழுங்கும்போது கண்கள் இரண்டும் உள்ளே அமுங்கும். தவளை கண்ணையும் அழுத்தித்தான் தொண்டைக்குள் எதையும் தள்ளுகிறது. எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முழுதாக உரித்து முழுதாகத் தின்றது நல்ல செய்தி. தோல் துண்டு துண்டாகக் கிண்ணத்தில் மிதந்தாலோ, விரல்களில் சுற்றிக்கொண்டு நின்றாலோ, தினமும் உரிந்துகொண்டே இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால், இது நோயைவிடக் குளிரும் கலவரமுமாகத்தான் தெரிகிறது. பகலில் அசையாமல் இருப்பது கோளாறு இல்லை. இது ராத்திரிப் பிராணி. கால்களை வயிற்றுக்கடியில் மடக்கி, கண்ணை மூடி, மெழுகு பூசியதுபோல் உட்கார்ந்து பகலைக் கழிப்பதுதான் அதன் வழக்கம். பழுப்பு நிறமும் பட்டினியும் வேறு கதை. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

முதலில் சூடு, பிறகுதான் சாப்பாடு

இது ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். ஹீட்டரை அணைத்த பிறகு சிட்னி வீட்டுக் கூடம் விடியற்காலையில் 14, 15 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். தவளைக்கு உடம்புக்குள் அடுப்பு கிடையாது. தொட்டி 15 என்றால் இரைப்பையும் 15தான். அந்தச் சூட்டில் செரிமானம் அநேகமாக நின்றுவிடும். பசிக்காதது பிடிவாதத்தால் அல்ல, தின்றால் செரிக்காது. ஆகவே வாயைத் திறந்து ஊட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தாடை எலும்பு மெல்லியது, எளிதில் முறியும். குளிர்ந்த வயிற்றுக்குள் திணித்த பூச்சி அங்கேயே அழுகும். பட்டினியைவிட அது மோசம்.

இந்தத் தவளை நிறம் மாற்றுவதும் குளிர், வெளிச்சம், கலவரம் மூன்றையும் பொறுத்தது. தோலில் மேலே மஞ்சள் நிறமியும் அதற்கடியில் நீல ஒளியைச் சிதறடிக்கும் அடுக்கும் சேர்ந்துதான் நாம் பார்க்கும் பச்சை. 1790ல் இதை முதலில் எழுதிப் பதிவுசெய்தபோது லத்தீனில் ‘நீலம்’ என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார்கள். சாராயத்தில் ஊறிய உடலில் மஞ்சள் கரைந்துபோய் நீலம் மட்டும் மிஞ்சியிருந்ததுதான் காரணம். அடியில் உள்ள கறுப்பு நிறமி பரவும்போது பச்சை மங்கிப் பழுப்பாகிறது. சூடு திரும்பினால் பச்சையும் திரும்பும், பெரும்பாலும் ஓரிரு நாளில்.

வேண்டிய அளவு இது: பகலில் மேல் கிளை மட்டத்தில் 27, 28 டிகிரி, கீழே 23, 24. இரவில் 20க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒட்டுகிற வட்டத் தெர்மாமீட்டர்களை நம்பாதீர்கள். கண்ணாடியின் சூட்டைத்தான் பாதி நேரம் காட்டும். ஒயரோடு கூடிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றின் முனையை மேலேயும் மற்றதைக் கீழேயும் வையுங்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவை நினைவில் வைக்கும் வகை கிடைக்கும். ராத்திரி என்ன நடந்தது என்று காலையில் அதுவே சொல்லிவிடும்.

ஹீட் மேட் அடியில் இருப்பது இரண்டு விதத்தில் தவறு. மரத்தவளை வாழ்வது மேலே. சூடு கூழாங்கல்லுக்கடியில் அடைபட்டு அதை எட்டுவதே இல்லை. குறித்த சூட்டில் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அந்த அடிக்கண்ணாடி 40ஐத் தாண்டிவிடும். குளிர்ந்த தவளை அதன்மேல் போய் உட்கார்ந்தால் வயிற்றுத் தோல் வெந்துபோகும். மேட்டை எடுத்துப் பின்பக்கக் கண்ணாடியின் வெளிப்புறம், மேல்பாதியில், பின்சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் ஒட்டுங்கள். தெர்மோஸ்டாட்டின் உணர்முனை உள்ளே, தவளை உட்காரும் உயரத்தில் இருக்க வேண்டும். முனை கீழே விழுந்து கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தால், மேட் நிற்காமல் எரிந்துகொண்டே இருக்கும். இந்தப் பிசகு அடிக்கடி நடக்கிறது.

மேட் கண்ணாடியைச் சூடாக்கும் அளவுக்குக் காற்றைச் சூடாக்காது. 60 சென்டிமீட்டர் உயரத் தொட்டிக்கு, அதுவும் முழு வலை மூடியோடு, குளிர்காலத்தில் அது மட்டும் போதாமல் போகலாம். அப்போது வலைக்கு வெளியே, மேலே, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் வையுங்கள். 60 வாட் போதும், அதற்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம். ஹீட்டர் இல்லாத பக்கத்து வலைமேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்தால் சூடு வெளியேறுவது குறையும். ஆனால் முழுவதையும் மூடிவிட வேண்டாம். பல்பையோ ஹீட்டரையோ தொட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். தாவி ஒட்டிக்கொள்வதுதான் இதன் பிழைப்பு. சுடும் பொருளிலிருந்து சட்டென விலகும் புத்தி அதற்கு இல்லை.

நான்கு தடவை தெளிப்பது இந்தக் குளிரை இன்னும் கூட்டுகிறது. தெளித்த நீர் ஆவியாகும்போது தொட்டியின் சூட்டையும் எடுத்துக்கொண்டுதான் போகும். இது மழைக்காட்டுத் தவளை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட காட்டுப் பகுதிகளிலும் வாழ்கிற இனம் இது. ஈரத்தைக் காக்க மெழுகு போன்ற கசிவைத் தோலில் தானே பூசிக்கொள்ளும். ஈரப்பதம் 50லிருந்து 70 சதவீதம் போதும். மாலையில் விளக்கு அணையும் நேரத்தில் ஒரே ஒரு தடவை, இலைகளில் முத்து முத்தாக நிற்கும் அளவு தெளியுங்கள். மறுநாள் மதியத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். காயாமல் கண்ணாடி எந்நேரமும் வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. குளிரும் தேங்கிய ஈரமும் சேர்ந்தால்தான் தோலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பிடிக்கும். தெளிக்கும் பாட்டில் புதிதாக இருக்கட்டும். முன்பு கண்ணாடி துடைக்கும் திரவம் இருந்த பாட்டிலைக் கழுவிவிட்டுப் பயன்படுத்தக் கூடாது.

கிண்ணத்தில் கரைவது தவளைக்குள் போகும்

உங்கள் மாமியாரின் மஞ்சளை நான் குறை சொல்லவில்லை. நமக்குப் புண் என்றால் அதுதான் முதல் மருந்து. ஆனால் தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்பக்கத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாக உறிஞ்சுகிறது. கிண்ணத்தில் உட்கார்ந்தால் அது குடிக்கிறது என்று பொருள். நம் தோலைப் போல வடிகட்டும் தடுப்பு அதற்கு இல்லாததால் மஞ்சள், உப்பு, வேப்பிலைச் சாறு, டெட்டால் எதுவும் அந்தத் தண்ணீரில் சேரக் கூடாது. இன்றே கிண்ணத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்தால் போதும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். குளோரின் மட்டும் உள்ள தண்ணீருக்கு அது சரி. சிட்னியில் பல பகுதிகளுக்கு, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீர் வருகிறது. அது வைத்திருந்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் லேசில் போகாது. மீன் கடையில் வாட்டர் கண்டிஷனர் வாங்கும்போது, குளோரமினையும் அதிலிருந்து பிரியும் அம்மோனியாவையும் நீக்கும் என்று லேபிளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். புட்டியில் சொன்ன அளவுதான். கூட ஊற்றினால் கூட நல்லதென்று இல்லை. தெளிக்கிற தண்ணீரும் இதே தண்ணீராக இருக்கட்டும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூடாது, அதில் உப்புச்சத்து எதுவும் இல்லை.

ஆழம், தவளை உட்கார்ந்தால் அதன் தோள் மட்டம். இப்போதைய அளவுக்கு ஒன்றரை சென்டிமீட்டர். மரத்தவளைக்கு ஏறத்தான் தெரியும், நீந்துவதில் கெட்டி இல்லை. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், மலம் கிடந்தால் அப்போதே. கழிவு கலந்த நீரில் உட்கார்ந்தால் தன் அம்மோனியாவைத் தானே திரும்பக் குடிக்கும்.

கூழாங்கல்லை முழுதாக எடுத்துவிடுங்கள். பூச்சி மேல் பாயும்போது தவளை குறி பார்ப்பதில்லை. நாக்கில் ஒட்டியது எல்லாம் உள்ளே போகும். சிறு கல் குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகலாம். முதல் ஒரு மாதம் தரைக்கு வெறும் கிச்சன் பேப்பர் போதும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் மலம் போயிருக்கிறதா, எப்படி இருக்கிறது என்பது கண்ணில் படும். பிறகு உரம் கலக்காத தேங்காய் நார்த்தூள் போடலாம்.

ஒரே ஒரு பிளாஸ்டிக் செடி மறைவுக்குப் போதாது. நான்கு பக்கமும் கண்ணாடி, நடுவில் தான் என்றால் அது ஒவ்வொரு அசைவுக்கும் நடுங்கும். மூன்று பக்கத்துக்கு வெளியிலிருந்து கறுப்புத் தாள் ஒட்டுங்கள். ஹார்ட்வேர் கடையில் 40 மில்லிமீட்டர் பிவிசி குழாய் வாங்கி 20 சென்டிமீட்டருக்கு வெட்டி, ஓரங்களைத் தேய்த்து மழமழப்பாக்கி, மேல்மூலையில் சாய்வாக நிறுத்துங்கள். விலை கொடுத்து வாங்கும் எந்த அலங்காரத்தையும்விட இது அதற்குப் பிடிக்கும். குவீன்ஸ்லாந்து வீடுகளில் மழைநீர்க் குழாய்க்குள்ளும் கழிப்பறைத் தொட்டிக்குள்ளும் குடியிருக்கிற இனமாயிற்றே. விரல் பருமனில் இரண்டு கிளைகளைக் குறுக்கே வையுங்கள். நிஜச் செடி வேண்டுமென்றால் மணி பிளான்ட் நன்றாகத் தாங்கும். நர்சரி மண்ணை முழுக்க உதறி, இலைகளை இரண்டு மூன்று முறை கழுவி, உரக் குருணை இல்லாத மண்ணில் நட்டுவிட்டு வையுங்கள்.

தொட்டியைச் சாமி அலமாரிப் பக்கத்திலிருந்து இன்றே நகர்த்துங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரப் புகை அதன் ஈரத்தோலில் படிந்து உள்ளே இறங்கும். கொசு விரட்டி, பூச்சி ஸ்பிரே, வாசனை எண்ணெய் ஆவியாக்கும் கருவி எதுவும் அந்த அறையில் வேண்டாம். பூச்சியைக் கொல்லும் மருந்துகள் தவளையையும் கொல்லும். ஜன்னல் வெயில் நேரடியாக விழும் இடமும் கூடாது. குளிர்காலத்திலும் கண்ணாடித் தொட்டி அரை மணி நேரத்தில் கொதித்துவிடும். அந்த வெயிலால் பயனும் இல்லை, எலும்புக்கு வேண்டிய யுவிபி என்ற புறஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை. வலைக்கு மேலே 5 சதவீத யுவிபி குழல் விளக்கு, மேல் கிளையிலிருந்து 25, 30 சென்டிமீட்டர் தூரத்தில், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும். விளக்கு வெளிச்சம் தந்துகொண்டே இருந்தாலும் யுவிபி மங்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கை வேண்டாம்

உங்கள் மகனிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும். தவளை அவன் கையில் பெய்வது வெறும் மூத்திரம் இல்லை. வறண்ட காலத்துக்கென்று மூத்திரப்பையில் அது சேமித்து வைத்திருக்கும் தண்ணீர். பகைவன் பிடித்துவிட்டான் என்று நினைத்து, இருந்த கையிருப்பை எல்லாம் எறிந்துவிட்டுத் தப்பப் பார்க்கிறது. தினமும் மாலை இது நடந்தால் தினமும் அது வறண்டுபோகிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளையின் கையில் சன்ஸ்க்ரீன் இருக்கும், சானிட்டைசர் இருக்கும். அவையும் தோல் வழியே போகும்.

இரண்டு வாரம் யாரும் தொட வேண்டாம். அதன் பிறகும் இது மடியில் வைத்துக் கொஞ்சும் பிராணி இல்லை. இடம் மாற்ற வேண்டியிருந்தால் பவுடர் பூசாத நைட்ரைல் கையுறையைக் கண்டிஷனர் கலந்த நீரில் நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஒரு பிளாஸ்டிக் டப்பாவை முன்னால் வைத்து மெதுவாக உள்ளே தள்ளுங்கள். மகனுக்கு வேறு பொறுப்பு கொடுங்கள். காலையும் மாலையும் இரண்டு தெர்மாமீட்டரைப் படித்து நோட்டில் எழுதட்டும். எங்கே உட்கார்ந்திருந்தது, என்ன நிறம், மலம் உண்டா என்பதையும் குறிக்கட்டும். வாரம் ஒருமுறை தவளையை டப்பாவோடு, 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் நீங்கள் நிறுத்துச் சொல்லுங்கள், அவன் எழுதட்டும். பத்துக் கிராம் தவளையில் ஒரு கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்ற கணக்கு கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும். சிவப்பு விளக்கோ டார்ச்சோ அடித்துப் பார்க்காமல், இருட்டிய பிறகு அறை விளக்கை மங்கலாக்கிவிட்டு எட்ட உட்கார்ந்தால் அது நடமாடுவதைப் பார்க்கலாம்.

பூச்சி விஷயம்

முதல் வேலை, அந்த இருபது பூச்சிகளையும் வெளியே எடுப்பது. பசித்த கிரிக்கெட் பூச்சிகள் தூங்கும் தவளையின் விரலையும் கண்ணிமையையும் கடிக்கும். ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டாம். முட்டை அட்டைத் துண்டுக்கடியில் ஒரு கேரட் வில்லையை வைத்துவிட்டுப் படுங்கள். விடியும்போது பெரும்பாலானவை அங்கே கூடியிருக்கும், அட்டையோடு தூக்கிவிடலாம்.

சூடு சரியாகி முழுதாக இரண்டு நாள் கழிந்த பிறகு, இருட்டியதும், சின்னதாக இரண்டே இரண்டு பூச்சி கொடுங்கள். பூச்சியின் நீளம் தவளையின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரத்தில் தொடாவிட்டால் எடுத்துவிட்டு ஒருநாள் விட்டு மறுபடி முயலுங்கள். இடுக்கியால் பிடித்து ஆட்டிக் காட்டினால் சில தவளைகள் பாயும், சில மிரளும். உங்களுடையது எந்த ரகம் என்று ஒருமுறையிலேயே தெரிந்துவிடும். தின்னத் தொடங்கியபின் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றிலிருந்து ஐந்து. வளர்ந்து முடிந்ததும் வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை போதும்.

வளரும் தவளைக்கு ஒவ்வொரு வேளையும் பூச்சியின் மேல் கால்சியம் பவுடர் தூவ வேண்டும். ஒரு பாலிதீன் பையில் பவுடரும் பூச்சியும் போட்டு லேசாகக் குலுக்கினால் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை டி3 சேர்ந்த விட்டமின் பவுடர். கடையிலிருந்து வந்த பூச்சி பெரும்பாலும் வெறும் கூடு. ஒருநாளாவது கேரட், கீரை, ஓட்ஸ் தின்னக் கொடுத்துவிட்டுப் பிறகு கொடுங்கள். கிரிக்கெட்டின் நாற்றமும் சத்தமும் தாங்காதென்றால், இங்கே வுடீஸ் என்று விற்கும் தீனிக் கரப்பான் நல்ல மாற்று. கரப்பானைக் காசு கொடுத்து வாங்குவதா என்று மாமியார் கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொத்துக்கறி, பூனை உணவு, எலிக்குஞ்சு வேண்டாம். கறியில் கால்சியம் மிகக் குறைவு. எலிக்குஞ்சின் கொழுப்பு, இந்த இனத்தில் கண்மணியின் மேலேயே வெள்ளையாகப் படிந்து பார்வையைக் கெடுக்கும்.

துணை, ஓடை, தேரை

தவளைக்குத் தனிமை என்ற துக்கம் இல்லை. இன்னொன்று வந்தால் அதோடு சேர்ந்து வருவது போட்டியும் புதுக் கிருமியும்தான். அளவில் வித்தியாசம் இருந்தால் பெரியது சின்னதை விழுங்கப் பார்க்கும். ஆசைப்பட்டால் ஆறு மாதம் கழித்து, ஒரே அளவில், வேறு தொட்டியில் இரண்டு மாதம் தனியாக வைத்திருந்து சேருங்கள்.

ஓடையில் விடுவது மட்டும் கூடவே கூடாது. இந்த நாட்டுத் தவளைதானே, தாய்மண்ணுக்குப் போகட்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வளர்ப்புத் தவளையை வெளியே விடச் சட்டம் அனுமதிக்கவில்லை, அதற்குக் காரணமும் உண்டு. தொட்டித் தவளை வெளிக்குத் தெரியாமல் கைட்ரிட் பூஞ்சையைச் சுமந்திருக்கலாம். தோல் வழியே உப்பும் நீரும் போய்வருவதைக் கெடுத்து இதயத்தை நிறுத்தும் நோய் அது. 2021 குளிர்காலத்தில் கிழக்கு ஆஸ்திரேலியாவெங்கும் தவளைகள் பகலில் வெட்டவெளியில், பழுப்பாகச் சுருங்கிக் கிடந்து செத்தன. ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் பொதுமக்களிடம் கேட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகவல்கள் குவிந்தன. அதிகம் அடிபட்டவற்றில் இந்தப் பச்சை மரத்தவளையும் ஒன்று. ஒருகாலத்தில் சிட்னித் தோட்டங்களில் சாதாரணமாகக் கிடந்த இனம், இன்று நகரத்தில் அபூர்வம். தொட்டியைக் கழுவிய தண்ணீரைக்கூடத் தோட்டத்திலோ மழைநீர்க் கால்வாயிலோ கொட்டாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் நியூ சவுத் வேல்ஸ் தவளை, தலைப்பிரட்டை ஆய்வுக் குழுவினர் இருக்கிறார்கள். வாழைப்பழப் பெட்டியில் ஒளிந்து வடக்கிலிருந்து சந்தைக்கு வந்துசேரும் தவளைகளை எடுத்து, உரிமம் உள்ளவர்களுக்கு வளர்க்கக் கொடுப்பவர்கள். யாரிடம் கொடுத்தாலும் வாங்குபவருக்கு உரிமம் இருக்க வேண்டும், உங்கள் பதிவேட்டிலும் அதை எழுத வேண்டும். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வதாக இருந்தால் முன்கூட்டியே விசாரியுங்கள், விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

தேரை விழுதல் பற்றி: கை கால் சூம்பி வயிறு உப்பிய குழந்தையைத் தேரை விழுந்த பிள்ளை என்றார்கள் நம் ஊரில். அது ஊட்டச்சத்து இல்லாததால் வருவது; தேரை அதற்குப் பொறுப்பில்லை. ஆனால் மாமியாரின் பயத்தில் ஒரு பாதி வேறு காரணத்தால் சரி. தவளையின் மலத்திலும் கிண்ணத்து நீரிலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டியில் கை வைத்த பிறகு, வெறும் மூடியைத் திறந்திருந்தாலும், சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிச் சாமான் எதையும் சமையலறைச் சிங்க்கில் கழுவ வேண்டாம். தவளையைத் தொடும் முன் சோப்பில்லாத கை, தொட்ட பின் சோப்பு என்று மகனுக்குச் சொல்லிவைத்தால் மறக்க மாட்டான்.

எப்போது மருத்துவரிடம்

சூடு சரியாகி இரண்டு வாரம் ஆகியும் எதையும் தின்னாவிட்டால், அல்லது எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காட்டுங்கள். கீழ்க்கண்டவை தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம், அன்றே போக வேண்டும்: அடிவயிறும் தொடையும் சிவந்திருத்தல், மல்லாத்தினால் திரும்பிப் புரள முடியாமை, பகலில் வெட்டவெளியில் கால் பரப்பிக் கிடத்தல், தாடை தொய்ந்து மெத்தென்று ஆகுதல், கால் நடுக்கம், பின்பக்கம் வழியே குடல் பிதுங்குதல். நாள் முழுக்கக் கிண்ணத்தைவிட்டு ஏறாமல் இருந்தாலும் ஏதோ சரியில்லை. அதிகச் சூடா, நீர் வறட்சியா, மலச்சிக்கலா என்று வரிசையாகப் பாருங்கள்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் தவளை பார்ப்பதில்லை. இப்போதே நாலு இடம் போன் செய்து, பார்ப்பவர் யார் என்று குறித்து வையுங்கள். நோய் இல்லாவிட்டாலும் முதல் மாதத்தில் ஒருமுறை காட்டிவிடுவது என் பரிந்துரை. அன்று போன மலத்தை ஈரம் காயாமல் சின்ன டப்பாவில் கொண்டுபோனால் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தோலில் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துக் கைட்ரிட்டுக்கும் சோதனை அனுப்பலாம். காற்றுத் துளை போட்ட டப்பாவில் நனைத்துப் பிழிந்த கிச்சன் பேப்பர் விரித்து எடுத்துப் போங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. காரைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு ஏற்றுங்கள்.

கடைசியில் மகனின் கேள்விக்கு வருகிறேன். நாலரை சென்டிமீட்டரில் ஆணா பெண்ணா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏறக்குறைய ஒரு வயதுக்குமேல் தொண்டையைப் பார்க்கட்டும். ஆணுக்கு அங்கே தோல் தளர்ந்து, சாம்பல் படிந்ததுபோல் சுருங்கியிருக்கும். பெண்ணுக்கு வழவழப்பாக வெளுத்திருக்கும். ஆணாக இருந்தால் மழை இரவிலோ, நீங்கள் வேக்குவம் கிளீனர் போடும்போதோ, குழாய்க்குள் உட்கார்ந்துகொண்டு ‘க்ராக், க்ராக்’ என்று வீடு அதிரக் கத்தித் தானே சொல்லிவிடும். இருபது வருடம் வரைகூட வாழக்கூடிய பிராணி. அதுவரை இரண்டுக்கும் பொருந்துகிற பெயராகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.